ஷெரிப் அலுவலகத்துக் கடிதத்தை யார் பிரிப்பது?

சென்ரரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு,

நான் பன்னிரண்டு வருசம் இருந்த யன்னலோர மேசையில் இப்போது உங்களில் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதன் இடது பக்க லாச்சியைத் தூக்கி இழுத்தால்தான் திறக்கும். முதல் நாளே தெரிந்திருப்பது நல்லது.

நீங்கள் எல்லோரும் பல்கலைக்கழகம் போனவர்கள். நான் ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றவன். லண்டனுக்கு வந்து பெற்றோல் செட்டில் வேலை செய்து, பிறகு லூயிஷாமில் பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த எங்கள் சென்ரர் என்ற இந்த ஆலோசனை நிலையத்தில், கடிதம் எழுதத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியோடு இருத்தப்பட்டவன். ஆகையால் படிவம் நிரப்புவதைப் பற்றி உங்களுக்கு நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நான் செய்த ஒரு பிழையைச் சொல்லப் போகிறேன். சிவன் சந்நிதியில் பலமுறை சொல்லிவிட்டேன். உங்களுக்கும் சொன்னால்தான் பாரம் இறங்கும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருசங்களில் நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை குணம் என்றொருவர் வந்தார். முப்பத்தெட்டு வயது இருக்கும். கற்ஃபோர்டில் ஒரு பெற்றோல் செட்டில் வேலை. கதிரையில் இருந்தும் மேற்கோட்டைக் கழற்றவில்லை. அப்படி இருப்பவர்கள் கெதியில் எழும்பிப் போக நினைப்பவர்கள் என்று எனக்கு அனுபவத்தில் தெரியும்.

அவர் கொண்டுவந்த கடிதம் குடிவரவு அலுவலகத்திலிருந்து வந்தது. குணமும் மனைவி வதனியும் சேர்ந்து பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். குணம் அகதியாக வந்தபோது கொடுத்த வாக்குமூலத்தில், வரும் வழியில் அமெரிக்காவில் பொலிஸ் பிடித்து ஒரு இரவு வைத்திருந்ததாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கைது எதற்காக, வழக்குப் போட்டார்களா, என்ன முடிவு என்பதற்கு அந்த ஊர்ப் பொலிசின் பதிவைக் கொண்டு வா, ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள், தவணை, வராவிட்டால் இரண்டு பேரின் விண்ணப்பமும் நிராகரிக்கப்படும் என்று எழுதியிருந்தது.

வழக்குப் போட்டார்களா என்று குணத்தைக் கேட்டேன். தெரியாது என்றார். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், என்ன தாளென்று தெரியாது. குற்றவாளி என்று தீர்த்திருந்தால் அதுவும் தெரியாது. தனக்கு எதிராக என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே அதைத் தேடி எடுக்கவேண்டிய நிலைமை அவருக்கு.

இடம் மட்டும் ஞாபகம் இருந்தது. கனடா எல்லைக்குக் கிட்ட, சோளக் காட்டுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். கவுண்டியின், அதாவது அந்த மாவட்டத்தின், பெயரைச் சுவரில் பார்த்திருக்கிறார். அங்கே பொலிசுக்குத் தலைவர் ஷெரிப் என்றும், அவருடைய அலுவலகத்தில் கைதுப் பதிவுகள் பொது ஆவணம் என்றும், யார் கேட்டாலும் கொடுப்பார்கள் என்றும் செவ்வாய்க்கிழமைகளில் எங்களுக்கு உதவ வரும் சட்டத்தரணி, எங்கள் சொலிசிட்டர், சொன்னார்.

யார் கேட்டாலுமா என்று நான் வாயைப் பிளந்தேன். குணம் வேறு விதமாகக் கேட்டார்.

"அப்ப ஆரும் எடுத்துப் பாக்கலாமோ அண்ணை?"

நான் அந்தக் கேள்வியைக் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

எனக்கு வேறு பயம் இருந்தது. ஊரில் பொலிசுக்கு நாமாகப் போய்ப் பெயர் கொடுத்த ஆட்களா நாங்கள்? பொலிஸ் எங்களைப் பதியும், நாங்கள் வரிசையில் நிற்போம், அவ்வளவுதான். பொலிசுக்குக் கடிதம் எழுதி "எங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள், தாருங்கள்" என்று கேட்பதற்கு எனக்குக் கை வரவில்லை. விபூதியைப் பூசிக்கொண்டு இரண்டு பக்கம் எழுதினேன். மாட்சிமை தங்கிய ஐயா என்று தொடங்கி, நாட்டின் யுத்தம், குணத்தின் தகப்பன் இறந்தது, அவர் ஒரு கெட்ட பழக்கமும் இல்லாதவர் என்பது, கடைசியில் தங்கள் குடும்பத்துக்கு ஆண்டவன் அருள் கிடைக்கட்டும் என்பது வரை. பதிவு வேண்டும் என்பதை எங்கே எழுதினேன் என்று எனக்கே தேடவேண்டியிருந்தது.

பத்து நாளில் பதில் பக்ஸில், அதாவது தொலைநகலில், வந்தது. ஒரு படிவம். பெயர், பிறந்த திகதி, சம்பவம் நடந்த நாள், பதில் அனுப்பவேண்டிய முகவரி. கீழே கையால் ஒரு வரி: "உங்கள் ஆசீர்வாதத்துக்கு நன்றி. இதை நிரப்புங்கள்."

நிரப்பினேன். பெயர் குணத்தின் பெயர். முகவரி குணத்தின் வீட்டு முகவரி. எங்கள் நிலையத்துக்கும் கீழே இருந்த கடைக்கும் ஒரே தபால் பெட்டி. எங்கள் கடிதங்கள் கடைக்கு வரும் விளம்பரத் தாள்களோடு குப்பைக்குப் போன சங்கதி இரண்டு தரம் நடந்தபடியால், முக்கியமான பதில்களை ஆளின் வீட்டுக்கே எடுப்பது என்று நாங்களே ஒரு விதி வைத்திருந்தோம். நல்ல விதிதான். அந்த விதிதான் என்னைக் கவிழ்த்தது.

மூன்றாம் கிழமை முடியும்போது நான் தொலைபேசி எடுத்தேன். எங்களுக்குப் பின்னேரம் இரண்டு மணி என்றால் அவர்களுக்குக் காலை ஒன்பது. ஒரு பெண் எடுத்தார். பதிவு அலுவலகமும் அவர்தான், அவசர அழைப்பு எடுப்பவரும் அவர்தான் போலிருக்கிறது. நான் விளக்கிக்கொண்டு இருக்கும்போதே, கொஞ்சம் பொறு ஹனி, றோட்டில் மாடு நிற்கிறதாம் என்று விட்டுப் போய்விட்டார். அறுபது வயதை எட்டிக்கொண்டிருந்த என்னை என் மனைவிகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. ஐந்து நிமிசம் கழித்து வந்து, அந்தப் பெயரில் எங்களிடம் ஒன்றுமே இல்லை, வேண்டுமானால் பதிவு இல்லை என்று முத்திரை குத்திக் கடிதம் தருகிறேன் என்றார். பக்ஸிலேயே அனுப்பினார்.

நான் அந்தத் தாளைப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். பதிவே இல்லையென்றால் வழக்கே இல்லை. ஆண்டவன் எல்லாவற்றையும் அழித்துவிட்டான் என்று நினைத்தேன். உடனே குணத்துக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். மறுபக்கத்தில் பெற்றோல் அடிக்க வந்த யாருக்கோ "நம்பர் ஃபோர்" என்று சொல்வது மட்டும் கேட்டது.

அடுத்த நாள் வந்தார். மேலே வரவில்லை. என்னைக் கீழே கூப்பிட்டு, சந்தைக்குள் கூட்டிக்கொண்டு போனார். மரக்கறிக்காரர்கள் கூவும் சத்தத்துக்குள் நின்றுதான் சொன்னார்.

"அண்ணை, அந்தப் பேரில தேடினால் வராது. ஏஜென்ற் தந்த பாஸ்போட்டில வேற பேர்."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே குணம்."

"அதில நான் தனி ஆள் இல்லை."

பிறகு துண்டு துண்டாகச் சொன்னார். ஏஜென்ற் கொடுத்தது ஒரு குடும்பத்தின் பாஸ்போட்டுகள். குணம் புருஷன். கனடாவில் இருந்த தன் கணவனிடம் போய்ச் சேரவேண்டிய ஒரு பெண் அவருக்கு மனைவி. அவளுடைய நாலு வயதுப் பெண்பிள்ளை இவருக்கு மகள். மூன்று கிழமை, மூன்று நாடு, ஒரே அறைகளில் தங்கி வந்திருக்கிறார்கள். தப்பாக ஒன்றுமில்லை அண்ணை, சத்தியமாக ஒன்றுமில்லை என்று நான் கேட்காமலே நாலு தரம் சொன்னார். அந்தச் சோளக்காட்டு றோட்டில் வானை மறித்தபோது மூன்று பேரையும் குடும்பம் என்றே பதிந்திருப்பார்கள். கனடாவுக்குப் போகமுடியாமல் குணம் லண்டனுக்கு வந்து சேர்ந்தார், அதற்குப் பிறகு அந்தப் பெண்ணையும் பிள்ளையையும் அவர் காணவில்லை.

அந்த நேரம் வதனி ஊரில். கலியாணம் முடிந்து எட்டு மாதம்.

"வதனிக்குத் தெரியுமோ?"

இல்லை என்று தலையாட்டினார். முதலில் சொல்லப் பயம், பிறகு சொல்லாமல் விட்டதைச் சொல்லப் பயம் என்றார். அதற்குப் பிறகுதான் உண்மையில் சொல்ல வந்ததைச் சொன்னார்.

"அண்ணை, அந்தப் பதிவு இல்லையெண்ட கடிதத்தையே அனுப்புவம். அதில பொய் ஒண்டும் இல்லைத்தானே. முத்திரையும் இருக்கு."

உங்களுக்கு மறைக்காமல் சொல்கிறேன், எனக்கும் அந்த எண்ணம் அதற்கு முதலே வந்துவிட்டது. கேட்டது குணத்தின் பெயருக்குரிய பதிவு, இல்லை என்று அவர்களே எழுதிவிட்டார்கள், நாங்கள் ஒன்றையும் திருத்தவில்லை. ஒரு குடும்பம் உடையாமல் இருக்கும். தவணைக்குள் வேலையும் முடியும். மூன்று நாள் அந்தத் தாளை அந்த இடது பக்க லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை கோயிலில் சுவாமிக்கு முன்னால் நின்றபோது, கேட்க வந்ததை எனக்குக் கேட்க முடியவில்லை. இந்தப் பொய்க்குத் துணை நில் என்று எப்படிக் கேட்பது?

செவ்வாய்க்கிழமை அந்தத் தாளைச் சொலிசிட்டரிடம் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் மலேசியத் தமிழ்ப் பெண். என்னைவிட இருபது வயது இளையவர். எனக்கு இந்த வேலையில் குரு யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்லுவேன், அவர் சிரிப்பார். தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, இந்தக் கடிதத்துல பொய் இல்ல. நீங்க அனுப்புனாத்தான் அது பொய் ஆகும்."

நான் குடும்பத்தைப் பற்றிச் சொன்னேன். தவணை இரண்டு கிழமைக்குக் கிட்டத்தான் இருக்கிறது என்றேன்.

"அனுப்பணும்னு இருந்தா என்கிட்ட காட்டியிருக்கக் கூடாது. காட்டிட்டீங்க. அதனால உங்களுக்கும் அனுப்ப மனசு இல்ல" என்றார். தாளைத் திருப்பித் தந்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான் அவருடைய உபதேசம்.

குணத்தைச் சம்மதிக்க வைக்க இரண்டு நாள் போனது. பிடிபட்டால் குடியுரிமை மட்டுமல்ல, இருக்கிற அகதி அந்தஸ்தும் ஆட்டம் காணும் என்று சொன்னபோதுதான் தலையைக் குனிந்தார். பாஸ்போட்டில் இருந்த அந்தப் பெயரை ஒரு துண்டில் எழுதித் தந்தார். யாரோ உயிரோடு இருக்கும் மனிதரின் பெயராக இருக்கலாம், ஆகையால் இங்கே எழுதவில்லை.

மறுபடி ஷெரிப் அலுவலகத்துப் பெண்ணுக்குத் தொலைபேசி. நான் பேசப்போவது பொலிசோடு. சொல்லப்போவது, எங்கள் ஆள் உங்கள் நாட்டுக்குள் பொய்ப் பெயரில் வந்தார் என்பது. காட்டிக் கொடுப்பது போலவே எனக்குப் பட்டது. சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிறீச்சிடும் சத்தம்.

அப்படியென்றால் அன்றைக்கு அவர் வேறொருவராக இருந்தார், அப்படித்தானே என்று கேட்டார். ஆம் அம்மா என்றேன். அந்தப் பெயரை எழுத்துக் கூட்டச் சொன்னார். தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. இருக்கிறது, இரண்டு பக்கம், ஆளும் மனைவியும் சின்ன மகளும் என்றார். முடிவு என்னவென்று கேட்டேன். தொலைபேசியில் வாசிக்க அனுமதி இல்லை, முத்திரை குத்திய பிரதி தபாலில்தான் வரும், இப்போதே உறைக்குள் போடுகிறேன் என்று வைத்துவிட்டார்.

வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எந்த முகவரிக்கு? படிவத்தில் இருக்கும் முகவரிக்கு. குணத்தின் வீட்டுக்கு.

எங்கள் வீடுகள் எப்படியென்று உங்களுக்குத் தெரியும். தமிழில் வரும் கடிதம் யாருக்கு வந்ததோ அவர் பிரிப்பார். ஆங்கிலத்தில் வரும் கடிதத்தை வீட்டில் யாருக்கு ஆங்கிலம் கூடத் தெரியுமோ அவர்தான் பிரிப்பார். உறையில் யார் பெயர் இருந்தாலும் சரி. அது எங்கள் வழக்கம், யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. குணத்தின் வீட்டில் அது வதனி. பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்துகொண்டே கல்லூரிக்குப் போய் ஆங்கிலம் படித்தவர். காஸ் பில்லிலிருந்து டொக்டரின் கடிதம் வரை அவர்தான் பிரித்து வாசித்துக் குணத்துக்குச் சொல்லுவார். படிவத்தை நிரப்பியபோது நான் அதை நினைக்கவே இல்லை.

திரும்ப எடுத்தேன். தபால் வண்டி வந்து போய்விட்டது ஹனி என்றார்.

அன்றிலிருந்து பன்னிரண்டு நாள். குணம் தன் ஷிப்டை மாற்றித் தபால் வரும் நேரத்துக்கு வீட்டில் நின்றார். தபால்காரர் சில நாள் பத்துக்கு வருவார், சில நாள் இரண்டுக்கு. ஒவ்வொரு நாளும் பின்னேரம் எடுத்து "வரேல்லை அண்ணை" என்று மட்டும் சொல்லுவார். வரவில்லையென்று பயப்படுவதா, வந்துவிடும் என்று பயப்படுவதா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. முதலாளி ஷிப்ட் மாற்ற இனி ஏலாது என்று சொன்ன நாள், குணம் என்னிடம் ஒரு உதவி கேட்டார்.

"நீங்கள் வதனியோட ஒருக்கா கதையுங்கோ. கடிதம் வந்தால் பிரிக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் கேப்பா."

கேட்பார் என்று எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் என் மனைவிக்குப் பக்கத்தில் இருந்து தேவாரம் பாடுகிற பிள்ளை. என்னை அண்ணை என்று கூப்பிடுவார். நான் தொலைபேசியில் அவருக்குச் சொன்னேன்: "தங்கச்சி, அமெரிக்காவில இருந்து ஒரு கடிதம் வரும். அது முத்திரைக் கடிதம். பிரிக்காமல் சென்ரருக்குக் கொண்டு வாங்கோ. பிரிச்சால் செல்லாது."

"ஓம் அண்ணை, கவனமாக் கொண்டு வாறன்" என்றார்.

பதிவு இல்லை என்ற தாளை அனுப்ப மறுத்த அதே மனிதன்தான் நான். குடிவரவு அலுவலகத்துக்குப் பொய் சொல்ல மாட்டேன் என்றவன், இன்னொரு விண்ணப்பதாரிக்குப் பொய் சொன்னேன். அந்தக் கோப்பில் இரண்டு பெயர் இருந்தது. குணம் மட்டுமல்ல, வதனியும் என்னை நம்பி வந்தவர். நான் அதை மறந்துவிட்டேன், ஏனென்றால் எப்போதும் கதிரையில் வந்து இருந்தவர் குணம். இதைத் தயவுசெய்து ஞாபகம் வையுங்கள். கோப்பில் பெயர் இருக்கிறவர் கதிரையில் இல்லாவிட்டாலும் உங்கள் ஆள்தான்.

அந்த வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை. தடிமனும் காய்ச்சலும் என்று மனைவியிடம் சொன்னேன். அது இன்னொரு பொய்.

தவணை புதன்கிழமை மத்தியானத்தோடு முடிகிறது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் படியில் சத்தம் கேட்டது. வதனி. பராமரிப்பு இல்லத்துச் சீருடையோடு வந்தார். கைப்பைக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பை, அதற்குள் ஒரு துவாய்த் துண்டு, அதற்குள் அந்தத் தபால் உறை. மழையில் நனையாமல் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார். ஒரு மூலைகூட மடங்கவில்லை.

"பிரிக்கேல்லை அண்ணை" என்று மேசையில் வைத்தார். பிறகு கதிரையை இழுத்து இருந்தார். "இப்ப பிரியுங்கோ. நானும் இதில ஒரு ஆள்தானே. என்ன போட்டிருக்கிறாங்கள் எண்டு பாப்பம்."

நான் உறையைப் பார்த்தேன். உள்ளே இரண்டாவது பெயராக ஒரு மனைவி இருக்கிறாள். உள் அறையில் சொலிசிட்டர் இருந்தார். தபால் கந்தோர் ஐந்தரைக்குப் பூட்டிவிடும். அதற்குள் அனுப்பினால்தான் புதன்கிழமை போய்ச் சேரும். நான் பிரித்து, பார்த்து, சொலிசிட்டர்தான் முதலில் வாசிக்கவேண்டும் என்று சொல்லி உள்ளே கொண்டு போயிருக்கலாம். வதனி அதையும் நம்பியிருப்பார். அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்தத் துவாய்த் துண்டு என் கண்ணுக்கு முன்னால் கிடந்தது.

"தங்கச்சி, நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். பிரிச்சாலும் அது செல்லும்."

அவர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார்.

"இதுக்குள்ள குணம் உங்களுக்குச் சொல்லவேண்டிய ஒண்டு இருக்கு. பாவமான காரியம் இல்லை. ஆனால் நான் சொல்லக் கூடாது, கடிதமும் சொல்லக் கூடாது. அவரைக் கூப்பிடுறன். அது உங்கட கடிதமும்தான். பிரிக்கவேணுமெண்டால் இப்பவே பிரியுங்கோ. நான் தடுக்க மாட்டன்."

அவர் பிரிக்கவில்லை. உறையை எடுத்துத் தன் மடியில் வைத்து, அதன் மேல் கைப்பையை வைத்துக்கொண்டார். நான் குணத்துக்கு எடுத்தேன். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை. நாற்பத்தைந்து நிமிசம். கீழே கடையில் வெங்காய மூட்டை இறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு ஞாபகம் வந்த சுவாமி நாமமெல்லாம் சொன்னேன், மனதுக்குள்.

குணம் பெற்றோல் செட் சட்டையோடு மூச்சு வாங்க வந்தார். வதனியின் மடியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார். நான் வெளியே போக எழும்பினேன்.

"இருங்கோ அண்ணை" என்றார் வதனி. "பொய் சொல்லேக்க கூட நிண்டனீங்கள்தானே. உண்மைக்கும் நில்லுங்கோ."

நான் இருந்தேன். குணம் நின்றபடியே சொன்னார். சந்தைக்குள் எனக்குச் சொன்ன அதே ஒழுங்கில், அதே நாலு சத்தியத்தோடு. முடிந்ததும் வதனி உறையைத் தானே பிரித்தார். அவருக்கு வாசிக்க என் உதவி தேவையில்லை. முதல் பக்கத்தை வாசித்தார். இரண்டாம் பக்கத்தை வாசித்தார். பிறகு இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு இடத்தில் விரலை வைத்தபடி திரும்ப வாசித்தார்.

"வழக்கு ஒண்டும் பதியேல்லையாம்" என்று எனக்குச் சொன்னார். "அங்கத்தைக் குடிவரவு ஆக்களிட்டக் குடுத்து விட்டிட்டினமாம்."

ஆறு கிழமை நாங்கள் கலங்கிய கேள்விக்குப் பதில் அது. யாரும் பெருமூச்சு விடவில்லை. ஏனென்றால் அவருடைய விரல் இன்னும் அந்த இடத்தில்தான் இருந்தது. பிறகு நானும் அந்த வரியைப் பார்த்தேன். பிள்ளை அந்த ஆணின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட மறுத்தது, தூங்கும் வரை அவரோடு இருக்க விடப்பட்டது என்று அந்தப் பொலிஸ்காரர் எழுதியிருந்தார்.

"இந்தப் பிள்ளைக்கு என்ன பேர்?" என்று குணத்தைக் கேட்டார்.

"தெரியாது. பாஸ்போட்டில இருந்த பேர்தான் தெரியும்."

"மூண்டு கிழமையா உண்மையான பேரைக் கேக்கேல்லையோ?"

"கேக்கக் கூடாதெண்டு ஏஜென்ற் சொன்னவன். அது என்னை அப்பா எண்டுதான் கூப்பிட்டது."

"கனடாவுக்குப் போய்ச் சேர்ந்ததோ?"

"தெரியாது வதனி."

"தேடேல்லையோ?"

குணம் அவருடைய விரல் இருந்த இடத்தையே பார்த்தார். தேடினால் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்பதற்காகவே அவர் தேடவில்லை என்பது அந்த அறையில் இருந்த எங்கள் மூன்று பேருக்கும் அப்போது விளங்கியது. வதனிக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். தாள்களை ஒழுங்காக மடித்து மேசையில் வைத்தார்.

"அண்ணை, அஞ்சரைக்குப் போஸ்ற் ஒபிஸ் பூட்டிப்போடுவான். அலுவலைப் பாருங்கோ."

துவாய்த் துண்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். குணம் பின்னால் போனார். அவரை முன்னால் நடக்க விட்டு, கொஞ்சம் தள்ளித்தான் போனார். சொலிசிட்டர் கால் மணித்தியாலத்தில் கடிதம் எழுதித் தந்தார். எந்தப் பெயரில், ஏன் அந்தப் பெயரில் என்று எல்லாம் அதில் இருந்தது. நான் மழைக்குள் ஓடி, கதவைச் சாத்த வந்த ஆளுக்கு முன்னால் வரிசையில் போய் நின்றேன்.

அதன் பிறகு வேலை முறையில் நான் ஒன்றை மாற்றினேன். எந்தப் பொலிஸ் பதிவு, ஆஸ்பத்திரிப் பதிவு, கோட்டுப் பதிவு கேட்டு எழுதினாலும், முகவரி எழுதுவதற்கு முன்னால் பேனையை வைத்துவிட்டு, "இந்தக் கடிதத்தை வீட்டில யார் பிரிப்பினம்?" என்று கேட்பேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஆட்கள் அதற்குச் சொல்லும் பதிலும், சொல்லாமல் நிற்கும் நேரமும் மற்ற எல்லாக் கட்டங்களையும்விட எனக்குக் கூடச் சொல்லியிருக்கிறது. நீங்களும் கேளுங்கள்.

வதனி கோயிலுக்கு வருவதை நிறுத்தவில்லை. என் மனைவிக்குப் பக்கத்தில் இருந்துதான் பாடினார். ஆனால் என்னைக் கண்டால் முகத்தைச் சுவாமிப் பக்கம் திருப்பிக்கொள்வார். அதற்கு நான் தகுதியானவன்தான். மன்னிப்புக் கேட்கப் போன இரண்டு முறையும் என் மனைவிதான் கையைப் பிடித்து நிறுத்தினாள், இன்னும் கொஞ்சம் பொறுங்கோ என்று. குணமும் வதனியும் கனடாவில் உள்ள தமிழ்ச் சங்கங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், ஒரு தாயையும் பிள்ளையையும் தேடுகிறார்கள் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தக் கடிதங்களை எழுதுவது வதனி, கையெழுத்துப் போடுவது குணம் என்றும் சொன்னாள்.

ஏழு மாதம் கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டு பேரும் படியேறி வந்தார்கள். குணம் மேற்கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வதனி வந்து என் மேசைக்கு முன்னால் நின்று, மேற்புறம் கிழிந்த ஒரு நீள உறையை என் கைக்கு முன்னால் தள்ளினார். குடிவரவு அலுவலகத்தின் பெயர் அதன் மூலையில் இருந்தது. உள்ளே இரண்டு கடிதம், இரண்டு பேருக்கும் குடியுரிமை கிடைத்தது என்று.

நான் அதை வாசிக்க முதல் அவர் என் முகத்தைப் பார்த்தார், அந்த ஏழு மாதத்தில் முதல் தடவையாக.

"பிரிச்சுப் போட்டன் அண்ணை" என்றார். "செல்லுமோ?"